ஏழில் ஒன்றுக்கு எத்தனை நூல்

ராயபுரத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வரதன் பதினாறு வருஷமாகக் கலாசியாக இருந்தான். தூக்கு என்றால் தூக்க வேண்டும், பிடி என்றால் பிடிக்க வேண்டும், 'ஏய்' என்றால் திரும்பிப் பார்க்க வேண்டும். இதுதான் கலாசி வேலை. ஃபிட்டர் அப்படி இல்லை. ஃபிட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வரதனுக்குச் சம்பளத்தைவிட அந்தப் பெயர் விஷயம்தான் பெரிதாகப் பட்டது. அப்பா ஆசையாக வைத்த பெயர் பதினாறு வருஷமாக ஆஜர் குறிக்கிற மஸ்டர் புத்தகத்தை விட்டு வெளியே வரவில்லை.

வேலை தெரியாதவனா என்றால் அதுவும் இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு தகட்டைக் கொடுத்தால் கனம் சொல்லிவிடுவான். ஒரு தடவை ஃபோர்மேன் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பித்தளைத் தகட்டை நீட்டினார். வரதன் கண்ணை மூடித் தடவிவிட்டு, "ஒன்ற நூலு ஸார். இந்த மூலையில எவனோ எண்ணெய்க் கையோட தொட்டுகீறான், அத்தயும் சேத்துச் சொல்லவா?" என்று கேட்டான். தொட்டவன் பெயரையும் சொன்னான் என்று சிலர் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. இனிஷியல் மட்டும்தான் சொன்னான்.

நூல் என்பது பட்டறை பாஷை. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். கால் அங்குலம் இரண்டு நூல், அரை அங்குலம் நாலு நூல். இரண்டையும் கூட்டினால் ஆறு நூல். தச்சனுக்கும் கொல்லனுக்கும் கொத்தனாருக்கும் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மேலாபீஸுக்கு இருந்தது. ஃபிட்டராக வேண்டும் என்றால் எழுத்துப் பரீட்சை எழுத வேண்டும், அதில் பின்னக் கணக்கு வரும் என்று ஒரு விதி போட்டார்கள். மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றிலும் தவறினால் ஆயுசுக்கும் கலாசி.

முதல் தடவை, அரையையும் காலையும் கூட்டு என்று கேள்வி வந்தது. வரதன் சிரித்துக்கொண்டே 'ஆறு நூல்' என்று எழுதிவிட்டு, அரை நிமிஷத்தில் வெளியே வந்து பீடி பற்றவைத்தான். விடையைத் திருத்தியவர் சங்கரநாராயணன் என்கிற ஹெட் கிளார்க். அவருக்கு அடிக்கோல் என்பது ரிஜிஸ்தரில் கோடு போடுகிற சாமான். தமிழில் நல்ல பிடிப்பு உள்ளவர். சிவப்பு மையில் இப்படி எழுதியிருந்தார்: 'எந்த ஆறு நூல்? ஆசிரியர் பெயர்கள் இல்லை. பூஜ்யம்.'

இரண்டாம் தடவை மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் கூட்டச் சொன்னார்கள். மூன்றில் ஒன்று நூலுக்குள் அடங்க மறுத்தது. வரதன் அரைமணி நேரம் விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, தனக்குப் பட்டதை நேர்மையாக எழுதினான்: 'நாலரை நூல், ஆறு மயிர்.' பட்டறைத் தச்சர் பிற்பாடு அளந்து பார்த்தபோது சரியாக ஆறு மயிர்தான் இருந்தது என்பது வேறு விஷயம். சங்கரநாராயணன் சிவப்பு மையில், 'மரியாதை தேவை. பூஜ்யம்' என்று எழுதிவிட்டார்.

மூன்றாவது பரீட்சை, அதாவது கடைசி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு பிப்ரவரி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

"மாமு, இந்தத் தபா ஏழு வருதாம்" என்றான் லட்சுமணன். இவனும் கலாசிதான், அடுத்தவன் வயிற்றில் புளி கரைப்பதில் மட்டும் எப்போதோ ஃபிட்டராகிவிட்டவன்.

"ஏழு இன்னா ஏழு?"

"ஏழுல ஒண்ணு. கொருக்குப்பேட்டை ஆளு ஒர்த்தன் எய்தினானாம். ஏழப் பாத்துட்டு பேனாவை வெச்சிட்டு வந்துட்டான். இப்போ முறுக்கு வித்துகினு கீறான்."

"ஒரு இஞ்சுல ஏழுல ஒண்ணு எவன்டா வெட்டினான்? அடிக்கோல்ல காட்டு, பாப்போம்!"

"எனக்கு இன்னா தெரியும்? எத்தினி நூலு வரும்னு நீதான் சொல்லேன்."

வரதன் அன்று முழுக்க எத்தனை நூல் என்று யோசித்தான். ஒரு நூலும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை மயிரில் எழுத இனி வழியில்லை.

கல்மண்டபத்தில் ஞானதுரை என்று ஒருவர் கருப்பட்டியும் புளியும் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். நாசரேத்துப் பக்கத்துக்காரர். வரதனைவிட இரண்டு வயது இளையவர்தான். ஆனாலும் தெற்கத்தி மளிகைக்காரர் யாராக இருந்தாலும் அவர் அண்ணாச்சி. பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர் என்பதால் வேலை முடிந்ததும் வரதன் அவர் கடைக்குப் போய் புளி மூட்டைமேல் குந்தினான்.

"கேட்டுக்கிடும்வே" என்றார் ஞானதுரை. "கோட்டுக்கு மேல இருக்கது தொகுதி. கீழ இருக்கது பகுதி."

"தொகுதின்னா? போன மாசம் ஓட்டுப் போட்டமே, அதுவா?"

"அது வேற தொகுதி."

"மேல கீறது தொகுதின்னா கீழ கீறது ஓட்டுப் பொட்டியா?"

"வே, நான் சொல்லுததக் கேளும். பகுதி வேற வேறயா இருந்தா கூட்ட முடியாது. இப்ப புளி ஒரு வீசை, கருப்பட்டி ஒரு வீசை இருக்கு. ரெண்டையும் சேத்தா என்ன வரும்?"

"பானகம்."

ஞானதுரை தராசைத் தள்ளி வைத்தார். பிறகு ஒரு கருப்பட்டியை எடுத்து மூன்றாக உடைத்துக் காட்டப் போனார். கருப்பட்டி மூன்றாக உடையாது. இரண்டாக உடைந்தது, பிறகு ஐந்தாக உடைந்தது. கடைசியில் பதினொரு துண்டும் கொஞ்சம் தூளும் ஆயிற்று. தூளை எந்தப் பகுதியில் சேர்ப்பது என்று வரதன் கேட்டான். ஞானதுரை அதை வாயில் போட்டுக்கொண்டார். அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே தொல்லை. மனைவி மலர்க்கொடி மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது மூணுல ஒண்ணா?" என்றான், வால் துண்டைக் காட்டி.

"வீட்ல மூணு பேரு. தல ஒண்ணு, நடு ஒண்ணு, வாலு ஒண்ணு. பங்கு மூணுதான். அதுக்காவ மூணும் ஒண்ணுபோல கீதா? குந்திக்கினு துன்னுய்யா."

"ஒண்ணுபோல இல்லன்னா கூட்ட முடியாதுடி!"

"மீனை எதுக்குய்யா கூட்டணும்? கொயம்பு வெச்சா போதாது?"

வரதன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். திரும்பி வந்தபோது நடுத்துண்டு இல்லை. மூன்றில் இரண்டு எப்படி இருக்கும் என்பது அவனுக்கு அப்போதுதான் முதன்முதலில் தெளிவாகத் தெரிந்தது.

நாலைந்து நாள் இப்படியே போயிற்று. ஒரு மத்தியானம், எரிச்சலில் அடிக்கோலைத் தரையில் வீசினான். அது மல்லாந்து விழுந்து பன்னிரண்டு அங்குலத்தையும் காட்டிக்கொண்டு கிடந்தது. வரதன் அதை முறைத்தான். அங்குலத்தில் மூன்றில் ஒன்று கிடைக்காது. சரி, அடியில்? நாலு அங்குலம். கால் அடி? மூன்று அங்குலம். இரண்டும் சேர்ந்து ஏழு அங்குலம். பன்னிரண்டில் ஏழு.

"டேய்!" என்று அலறினான். ஓடிவந்தவர்கள் அவன் காலில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

அன்று மாலை ஞானதுரையிடம் போய்ச் சொன்னான். "அடிக்கு மாத்திட்டேன் அண்ணாச்சி. மூணும் நாலும் அதுல அடங்கிடுது."

"அதத்தான நான் ஒரு வாரமா சொல்லுதேன். அதுக்குப் பேரு பொதுப்பகுதி. பன்னெண்டு. சரி, மூணுல ஒண்ணும் அஞ்சுல ஒண்ணும் சொல்லும்."

பன்னிரண்டு அங்குலத்தை ஐந்தால் பிரிக்க வராது. வரதன் முகம் திரும்பவும் சுருங்கிவிட்டது. வேறு அடிக்கோல் வேண்டும். மூன்றும் ஐந்தும் சிந்தாமல் அடங்குகிற கோல் ஒன்று. இரண்டு நாள் அலைந்து, கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தில் அதைக் கண்டுபிடித்தான். மணிக்கு அறுபது நிமிஷம். மூன்றில் ஒன்று இருபது நிமிஷம், ஐந்தில் ஒன்று பன்னிரண்டு நிமிஷம். அதன் பிறகு மூன்று சாயங்காலம் பிளாட்பாரத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தே கணக்குப் போட்டான். டிக்கெட் கலெக்டர் வந்து, "யாருக்காகப்பா நிக்கிறே?" என்று விசாரித்தார். "முப்பத்திரண்டு நிமிஷத்துக்காவ" என்றான் வரதன். அவர் இன்னொருவரையும் கூட்டி வந்து விசாரித்தார்.

ஆனால் ஏழு? கடிகாரத்திலும் ஏழு அடங்கவில்லை. எட்டு நிமிஷம் வைத்தால் நாலு நிமிஷம் மிஞ்சுகிறது, ஒன்பது வைத்தால் மூன்று நிமிஷம் பற்றவில்லை. பரீட்சைக்கு நாலு நாள்தான் இருந்தது. வரதன் கடைக்கு வந்து புளி மூட்டையை ஓங்கி ஒரு குத்துவிட்டான்.

"கஸ்மாலம்! இந்த ஏழு எதுக்குள்ளயும் பூர மாட்டேங்குது அண்ணாச்சி! நான் கலாசியாவே செத்துடறேன்!"

ஞானதுரைக்கும் பாவமாகப் போயிற்று. அண்ணாந்து யோசித்தவர் கண்ணில் சுவரில் தொங்கிய காலண்டர் பட்டது. சோப்புக் கம்பெனி கொடுத்தது. ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிய மேய்ப்பர் படம் போட்டது. ஒவ்வொரு மாதமும் ஒரு தாள்.

"வே! ஏழுன்னா வாரம்லா! இங்க பாரும்." பிப்ரவரித் தாளைப் புரட்டினார். "ஞாயித்துக்கிழம எத்தன? நாலு. திங்கக்கிழம? நாலு. சனி வர எல்லாம் நாலுதான். மொத்தம் இருவத்தெட்டு. ஏழால பிரிச்சா நாலு நாலு. நாலால பிரிச்சா ஏழு நாளு. ஒரு நாளும் மிஞ்சாது. உமக்காகவே கர்த்தர் செஞ்ச மாசம்வே இது."

வரதன் எழுந்துபோய்த் தாளைத் தடவிப் பார்த்தான். இருபத்தெட்டு. அவன் விரல் தடவிய அளவு எதுவும் இதுவரை பொய்த்ததில்லை. படம் நன்றாக இருந்ததால் ஞானதுரை போன வருஷத்துக் காலண்டரை இன்னும் கழற்றவில்லை என்பது விரலுக்குத் தெரிய வழியில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மேலாபீஸ் மாடியில் ஒரு மேஜை. அந்தப் பக்கம் சங்கரநாராயணன், இந்தப் பக்கம் வரதன். வேறு யாரும் விண்ணப்பம் போடவில்லை. நாலு கணக்கு. நாலும் சரியாக இருந்தால் ஃபிட்டர். மூன்றே முக்கால் சரியாக இருந்தாலும் கலாசி.

முதல் கணக்கு அரையும், எட்டில் மூன்றும். மனசுக்குள் ஏழு நூல் என்று சொல்லிக்கொண்டு, தாளில் எட்டில் ஏழு என்று எழுதினான். இரண்டாவது, மூன்றில் இரண்டிலிருந்து நாலில் ஒன்று போக. எட்டு அங்குலத்தில் மூன்று அங்குலம் போயிற்று, பன்னிரண்டில் ஐந்து. மூன்றாவது, மூன்றில் ஒன்றும் ஐந்தில் இரண்டும். ஸ்டேஷன் கடிகாரத்தைக் கண்முன் கொண்டுவந்து அறுபதில் நாற்பத்து நாலு என்று எழுதினான். எழுதி முடித்ததும் நெற்றியைத் துடைத்தான்.

நாலாவது கணக்கு: நாலில் மூன்றிலிருந்து ஏழில் இரண்டைக் கழி.

'வாடா நைனா' என்றான் வரதன் மனசுக்குள். பிப்ரவரி. எதிர்ச் சுவரில் தினமும் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் இருந்தது. ஒரு தைரியத்துக்காக அதை நிமிர்ந்து பார்த்தான். உள்ளங்கை அகலத்துக்கு '29' என்று இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான்.

"ஸார், இன்னிக்கி இன்னா மாசம்?"

"பிப்ரவரி. பேசாமல் எழுது."

"அப்போ அது இன்னா ஸார், இருவத்தொம்போது?"

"இது லீப் வருஷம். பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள்."

"எப்போலேர்ந்து ஸார்?"

"உன் தாத்தா பிறப்பதற்கு முன்னாலிருந்து. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை."

"என்னாண்ட யாரும் சொல்லலியே!"

உண்மையில் வரதனின் முப்பத்தொன்பது வயதுக்குள் அது ஒன்பது தடவை வந்துபோயிருந்தது. அவன் முதலிரண்டு தடவை கோலி விளையாடிக்கொண்டிருந்தான். மற்றத் தடவைகளில் எதையாவது தூக்கிக்கொண்டிருந்தான்.

இருபத்தொன்பதை நாலால் பிரித்தான். ஏழு ஏழாக வைத்தால் ஒரு நாள் மிஞ்சியது. ஏழால் பிரித்தான். நாலு நாலாக வைத்தால் ஒரு நாள் மிஞ்சியது. அழித்தான். திரும்ப வைத்தான். திரும்பவும் மிஞ்சியது. தாள் ஓட்டையாயிற்று. பதினாறு வருஷம் தூக்கியது, இரண்டு பூஜ்யம், ஆறு மயிர், நடுத்துண்டு மீன், டிக்கெட் கலெக்டர் எல்லாம் சேர்ந்து பென்சில் முனையில் வந்து நின்றன. கால்மணி நேரம்தான் பாக்கி.

மிஞ்சுகிற அந்த ஒரு நாளை வெறித்துப் பார்த்தான். நாலால் பிரித்தாலும் அதுதான் வெளியே நிற்கிறது. ஏழால் பிரித்தாலும் அதுதான் வெளியே நிற்கிறது. எந்தப் பக்கமும் சேராமல், வேலையும் செய்யாமல், வழியில் நிற்கிறது. இப்படிப்பட்ட ஆளைப் பட்டறையில் என்ன செய்வார்கள்?

வரதன் எழுந்தான். மேஜையைச் சுற்றிக்கொண்டு போனான். காலண்டரில் இருந்த இருபத்தொன்பதைச் சர்ரென்று கிழித்தான்.

"ஏய்!" என்று சங்கரநாராயணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ன செய்கிறாய்? அது நாளைக்குக் கிழிக்க வேண்டியது!"

"இவன் ரெண்டு பக்கமும் சேர மாட்டேங்குறான் ஸார். இவன் இல்லன்னா எல்லாம் சரியா கீது. நாலு வாரம். வாரத்துக்கு ஏழு நாளு. நாலேழு இருவத்தெட்டு." சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தவன் சட்டென்று நிறுத்தினான். நாலு, ஏழு. நாலேழு. பகுதி இரண்டையும் பெருக்கினால் கோல் தானாகவே வந்துவிடுகிறதே. மூன்றும் நாலும் பன்னிரண்டு, அதுதான் அடி. மூன்றும் ஐந்தும் பதினைந்து. அப்படியானால் எதற்கு ஸ்டேஷனில் மூன்று நாள் நின்றது? எதற்குப் பிப்ரவரி? யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். இருபத்தெட்டில் முக்கால், இருபத்தொன்று. ஏழில் இரண்டு, எட்டு. கழித்தால் பதின்மூன்று. இருபத்தெட்டில் பதின்மூன்று.

சங்கரநாராயணன் நாலையும் திருத்தினார். சிவப்புப் பேனா நாலு தடவை இறங்கி, நாலு தடவையும் வேலையில்லாமல் திரும்பிப் போயிற்று. மூன்றாவதை மட்டும் பதினைந்தில் பதினொன்று என்று சுருக்கியிருக்கலாம் என்று முனகிவிட்டுச் சரி போட்டார்.

"இது என்ன, ஒவ்வொரு விடைக்குக் கீழேயும் 'நூல் அல்ல' என்று எழுதியிருக்கிறாய்?"

"மொதல் தபா நீங்கதானே ஸார் ஆசிரியர் பேரு கேட்டீங்க."

ஹெட் கிளார்க் நீலப் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, "சரி, போகலாம், வரதன்" என்றார்.

பதினாறு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அது காதில் விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் வரதன் மாடிப்படி இறங்கினான். கீழே காத்திருந்த லட்சுமணன், "இன்னா மாமு, ஏழு வந்துச்சா? முறுக்கு எங்க விக்கப்போறே?" என்று கூடவே ஓடிவந்தான். வரதன் அவனைத் தள்ளிவிட்டு நேராகக் கல்மண்டபத்துக்கு நடந்தான். அவன் முகம் பாஸானவன் முகம்போல இல்லை.

"அண்ணாச்சி! இருவத்தெட்டுன்னு சொன்னியே, இது இன்னா?" கிழித்த தாளைக் கல்லாமேல் அறைந்தான்.

ஞானதுரை தாளைப் பார்த்தார். சுவரில் இருந்த மேய்ப்பரைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஏ, கோவிச்சுக்கிடாதிரும். அது போன வருசத்துது. இது நாலு வருசத்துக்கு ஒருக்க வாரதுவே."

"எங்கேந்து வருது? யாரு கேட்டா அத்த?"

"வருசத்துக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சே கால் நாளு. அந்தக் கால் நாளு ஒவ்வொரு வருசமும் மிஞ்சும். நாலு வருசத்துக்கு நாலு கால். கூட்டிப் பாரும்."

வரதன் கோபத்திலும் கூட்டினான். விரல் தானாக மடங்கியது. "ரெண்டு... நாலு... ஆறு... எட்டு நூலு." நிமிர்ந்தான். "முழுசு. ஒரு நாளு."

"அதான் அந்த இருவத்தொம்போது."

வரதன் புளி மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தான். விரலை இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுல எல்லாத்துக்கும் கீழ நாலுதானே கீது? பகுதி தேடவே தேவல."

"ஆமா."

"நான் பொறந்ததுலேர்ந்து எனக்கு வர்ற கணக்கு இது ஒண்ணுதான். அத்த மட்டும் எவனும் கேக்கல. ஆனா அங்க வந்து நின்னுகினு என்னியப் பேஜார் பண்ணினது அதான்!"

ஞானதுரை ஒரு கருப்பட்டியை எடுத்து நீட்டினார். உடைக்கவில்லை. வரதன் மூட்டையின் ஓட்டையிலிருந்து ஒரு விரல் புளியைத் தோண்டினான். கிழித்த தாளின் முதுகில் தடவினான். எழுந்துபோய், மேய்ப்பர் காலண்டரின் பிப்ரவரியில் இருபத்தெட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான்.

நல்ல தெற்கத்திப் புளி. விடவே இல்லை. உலகத்திலேயே ஐம்பத்தோராம் வருஷத்துப் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் காட்டிய காலண்டர் கல்மண்டபத்தில்தான் இருந்தது. அதில் கடைசி நாள் மட்டும் மற்ற நாள்களைவிட அரை நூல் கனம்.